ஆயிரத்து நூற்று இருபது கிராம்

ஐந்து ஐம்பதுக்கு அலாரம் அடித்தது. அணைத்தேன். பல் துலக்கினேன். குழாயில் தண்ணீர் வரும் நேரம் என்பதால் இரண்டு வாளி பிடித்து வைத்தேன். பால் காய்ச்சினேன். சட்டையின் முன்பக்கத்தை மட்டும் தேய்த்தேன். முதுகுப் பக்கம் நாற்காலிக்குத்தான் தெரியும். அடுப்பை அணைத்தேனா என்று போய்ப் பார்த்தேன். அணைத்திருந்தேன். பால் குடித்துக்கொண்டே போனில் எங்கள் புகைப்படக் குழுவைத் திறந்தேன்.

குழுவில் முப்பத்தேழு பேர். முப்பத்தெட்டு என்று காட்டும். என் மனைவியின் எண்ணை யாரும் நீக்கவில்லை. அவள் இறந்து ஏழு மாதம் ஆகிறது.

குழுவில் யாருக்கும் படம் எடுப்பது பிழைப்பு இல்லை. ஆரம்பித்தவர் ஒரு பல் டாக்டர். வாரம் ஒரு படம் போட வேண்டும். படத்துக்குக் கீழே அன்றைக்குத் தூக்கிக்கொண்டு போன சுமையின் எடையையும் எழுத வேண்டும். சமையலறைத் தராசில் கேமரா, லென்ஸ், வார், பேட்டரி எல்லாவற்றையும் வைத்து எடை போடுவோம். விளையாட்டாக ஆரம்பித்த வழக்கம், பிறகு படத்தைவிட எடையைப் பற்றித்தான் பேச்சு அதிகம். தொப்பையில் பத்து கிலோவை வைத்துக்கொண்டு லென்ஸில் நூறு கிராம் குறைக்கிறோமே என்று வங்கிக்காரர் ஒருமுறை எழுதினார். எல்லாரும் சிரித்துவிட்டு மறுபடி கிராம் கணக்குக்கே போனார்கள்.

அன்று காலை அதே வங்கிக்காரர் எழுதியிருந்தார். ஒரு மாதமாக இடது தோள் வலிக்கிறதாம். கை மேலே போகவில்லையாம். மிரர்லெஸ் என்கிற சின்ன ரகக் கேமரா வாங்கலாமா, எது லேசு என்று கேட்டிருந்தார்.

இருபத்து மூன்று பதில்கள் வந்திருந்தன. பெரிய லென்ஸைக் கழித்துக் கட்டுங்கள் என்றார் ஒருவர். வாரைக் கழுத்தில் மாட்டாமல் குறுக்கே போடுங்கள் என்றார் இன்னொருவர். பல் டாக்டர் மட்டும் ஒன்றும் எழுதவில்லை. படித்துவிட்டார் என்று காட்டியது.

'முதலில் டாக்டரைப் பாருங்கள்' என்று தட்டினேன். அழித்தேன். மறுபடி தட்டினேன். அதைக் குழுவில் போட்டால் முப்பத்தாறு பேருக்கும் அது வேறு மாதிரிக் கேட்கும். அழித்துவிட்டு வேலைக்குக் கிளம்பினேன்.

போன வருடம் இதே கேள்வியை என் மனைவி கேட்டாள்.

குழுவில் அவளுக்கு 'மேஸ்திரி' என்று பெயர். கட்டட வேலை செய்கிறவர்களை மட்டும்தான் எடுப்பாள். சாரத்தில் நின்று பூசுகிறவர், கிரேனுக்குள் உட்கார்ந்து சாப்பிடுகிறவர், பத்தாவது மாடியில் ஜன்னல் துடைக்கிறவர். எல்லாம் கீழே இருந்து. அதற்கு நீளமான லென்ஸ் வேண்டும். அவளுடைய சுமை இரண்டு கிலோ நானூறு. குழுவிலேயே அதுதான் அதிகம். அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

தோள் வலிக்கிறது என்றாள். அண்ணாந்து பார்த்தால் வலிக்காமல் என்ன செய்யும் என்றேன். குழுவில் கேட்டாள். அறுபத்தொரு பதில்கள். பல் டாக்டர் வாரை மாற்றச் சொன்னார். அவர் டாக்டர் என்பதால் அந்தப் பதிலுக்கு மதிப்பு அதிகம். வார் மாற்றினோம். வலி குறையவில்லை. சின்ன லென்ஸுக்கு மாறினாள். குறையவில்லை. கடைசியில் நானே ஒரு மிரர்லெஸ் வாங்கி வந்தேன். சமையல் மேடையில் தராசை வைத்து எடை போட்டோம். ஆயிரத்து நூற்று இருபது கிராம். "பாதிகூட இல்ல. இனிமே வலின்னு சொன்னா நடிப்புன்னு சொல்லிடுவீங்க," என்றாள். நான் சிரித்தேன்.

பதினோரு வாரம் இப்படிப் போனது.

அந்தக் கேமராவில் அவள் எடுத்தது நாற்பத்தொரு படங்கள். எல்லாம் இடது பக்கம் சாய்ந்திருந்தன. முதலில் லேசாக. பிறகு நன்றாகவே. கட்டடங்கள் சரிந்து விழப்போவது மாதிரி இருக்கும். குழுவில் அதைக் கொண்டாடினார்கள். மேஸ்திரி புதுப் பாணியில் இறங்கிவிட்டார் என்றார் ஒருவர். சாய்வில் ஒரு பதற்றம் இருக்கிறது என்று பல் டாக்டர் எழுதினார். நானும் கைதட்டல் போட்டேன். அவள் பதிலுக்கு ஒரு சிரிப்புப் பொம்மை போட்டாள்.

இடது கையில் பிடி தளர்ந்துகொண்டிருந்தது. அதுதான் பாணி.

கோளாறு தோளில் இல்லை, நுரையீரலின் உச்சியில் என்று பிறகு சொன்னார்கள். அங்கே வளர்ந்த கட்டி கைக்குப் போகும் நரம்பை அழுத்தியிருக்கிறது. மருத்துவமனையில் சேர்த்த இரண்டாம் நாளே ரத்தக்கட்டு ஒன்று போய் நுரையீரலை அடைத்துக்கொண்டது, போய்விட்டாள். பதினோரு வாரம் முன்னால் வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அங்கே இருந்த டாக்டரிடம் கேட்டேன். சொல்ல முடியாது என்றார். பிழைத்திருப்பாள் என்றும் சொல்லவில்லை, மாட்டாள் என்றும் சொல்லவில்லை. அந்த 'சொல்ல முடியாது'வை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

எனக்கு வேலை ஒரு லிஃப்ட் பராமரிப்பு அலுவலகத்தில். எந்தக் கட்டடத்தில் லிஃப்ட் நின்றதோ அங்கே மெக்கானிக்கை அனுப்ப வேண்டும். வங்கிக்காரர் எழுதிய அன்று நான்காவது மாடியில் நின்ற லிஃப்டுக்குப் போக வேண்டியவரை வேறு தெருவுக்கு அனுப்பிவிட்டேன். உள்ளே மாட்டிக்கொண்டவர் போனில் நிதானமாகத் திட்டினார். மதிய இடைவேளையில் வங்கிக்குப் போனேன்.

வங்கிக்காரர் லாக்கர் பிரிவில் இருக்கிறார். இரும்புக் கதவுக்கு முன்னால் ஒரு மேஜை, ஒரு பதிவேடு, ஒரு மின்விசிறி. யாராவது வந்தால் சாவி எடுத்துக்கொண்டு உள்ளே போவார். இல்லாவிட்டால் லென்ஸ் துடைப்பார். என்னைப் பார்த்ததும் எழுந்துவிட்டார். அவள் போன பிறகு என்னைப் பார்த்தால் எல்லாரும் எழுந்துவிடுகிறார்கள்.

"வாங்க தம்பி. போன் பண்ணியிருந்தா நானே வந்திருப்பேனே."

பையில் இருந்து அவளுடைய மிரர்லெஸ்ஸை எடுத்து மேஜைமேல் வைத்தேன். ஏன் எடுத்து வந்தேன் என்று தெளிவாகத் தெரியவில்லை. அவர் வாங்கிக்கொள்ளட்டும் என்றா, பார்த்துப் பயப்படட்டும் என்றா. அவர் அதை வலது கையால் தூக்கிப் பார்த்தார். இடது கையை மேஜைக்குக் கீழேயே வைத்திருந்தார்.

"லேசா இருக்கு. தங்கச்சி கேமராதானே இது? எனக்கு எதுக்கு தம்பி? வேண்டாம்."

"அண்ணே, முதல்ல டாக்டரைப் பாருங்க."

"இது சும்மா பிடிப்பு தம்பி. வயசு அம்பத்து மூணு ஆச்சு."

"அவளுக்கு முப்பத்து ஒண்ணு. அவளும் பிடிப்புன்னுதான் சொன்னா. நானும் அதான் சொன்னேன்."

கேமராவை மெதுவாக மேஜையில் வைத்தார். ஒரு அம்மாள் லாக்கர் திறக்க வந்தார். வங்கிக்காரர் சாவியை எடுத்துக்கொண்டு அவரோடு உள்ளே போனார். திரும்பி வந்து உட்கார்ந்தார். பதிவேட்டில் அந்த அம்மாளின் பெயரைத் தப்பான வரியில் எழுதி, அடித்து, மறுபடி எழுதினார். பிறகு சாயங்காலம் டாக்டரிடம் என்னோடு வருகிறீர்களா என்று கேட்டார். வீட்டில் சொன்னால் ஊரைக் கூட்டிவிடுவார்களாம்.

வேறொரு மருத்துவமனைக்குப் போனோம். பழைய இடத்துக்கு நான் வரவில்லை என்று சொல்லியிருந்தேன். எக்ஸ்ரே எடுத்தார்கள். நெஞ்சையும் சேர்த்து எடுக்கச் சொன்னேன். டாக்டர் இளம் பெண். படத்தை வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தார். கையைத் தூக்கு, திருப்பு, என் விரலை இறுக்கிப் பிடி என்று வரிசையாகச் சோதித்தார். வங்கிக்காரர் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி எல்லாம் செய்தார். நுரையீரலின் உச்சியைப் பாருங்கள் என்று நான் இரண்டு முறை சொன்னேன். இரண்டாம் முறை டாக்டர் என்னை நிமிர்ந்து பார்த்தார். நீங்கள் இவருக்கு யார் என்று கேட்டார். படக்குழு என்றேன். அவருக்குப் புரியவில்லை.

நுரையீரல் சுத்தமாக இருக்கிறது என்றார். தோளில் தசை புண்ணாகியிருக்கிறது, அவ்வளவுதான். ஏதாவது கனமாகத் தூக்குவீர்களா என்று கேட்டார்.

"கேமரா," என்றார் வங்கிக்காரர். "ரெண்டு கிலோ நூத்தி எண்பது கிராம்."

கிராம்வரைக்கும் தெரிந்து வைத்திருக்கிறாரே என்று டாக்டருக்குச் சிரிப்பு வந்தது. மருந்து எழுதினார். தோளுக்குப் பயிற்சி சொன்னார். கடைசியாக, "கொஞ்சம் லேசான கேமராவா வாங்கிக்கங்க," என்றார்.

வெளியே தாழ்வாரத்தில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்தோம். வங்கிக்காரர் மூச்சை இழுத்து விட்டார். சிரிக்க ஆரம்பித்தார், என்னைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார்.

எனக்குச் சந்தோஷம்தான். சத்தியமாகச் சந்தோஷம். ஆனால் டாக்டர் ஒன்றும் இல்லை என்றபோது, அதோடு சேர்ந்து ஏமாற்றம் மாதிரி ஒன்றும் வந்தது. அதை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. அவருக்கு ஏதாவது இருந்திருந்தால் ஒரு விதி கிடைத்திருக்கும்: தோள் வலித்தால் ஓட வேண்டும், நான் ஓடவில்லை, நான்தான் குற்றவாளி. இப்போது படித்த டாக்டரே லேசான கேமரா வாங்கச் சொல்கிறார். அப்படியானால் நாங்கள் அன்று சொன்னது தப்பான யோசனையும் இல்லை. தப்பில்லாத யோசனையைப் பதினோரு வாரம் கேட்டு அவள் செத்துப்போனாள். இதில் எதைப் பிடித்துக்கொண்டு அழுவது?

பல் டாக்டர் போனில் கூப்பிட்டார். வங்கிக்காரர் அவருக்கு ஏற்கெனவே செய்தி அனுப்பியிருந்தார் போல. நல்ல வேளை என்றார். அந்த வாரைப் பற்றிச் சொன்னது தன் தப்பு என்று மெல்ல ஆரம்பித்தார். இல்லை டாக்டர் என்று சொல்ல நினைத்தேன். ஆமாம் டாக்டர் என்றும் சொல்ல நினைத்தேன். பஸ் வந்துவிட்டது என்று சொல்லி வைத்துவிட்டேன். பஸ் எதுவும் வரவில்லை.

வங்கிக்காரர் எக்ஸ்ரே உறையை மடியில் வைத்துத் தடவிக்கொண்டே இருந்தார்.

"தம்பி, கேக்கறேன்னு தப்பா எடுத்துக்காதீங்க. தங்கச்சிக்கு நம்ம மேல வருத்தம் ஏதாவது இருந்துச்சா? எல்லாரும் சேர்ந்து கேமராவை மாத்து, வாரை மாத்துன்னு சொல்லி நாளை ஓட்டிட்டோம். கடைசியில ஏதாவது சொன்னாங்களா?"

"குழுவில டாக்டர் எழுதினாரே."

"அது டாக்டர் எழுதினது. மேஸ்திரி அப்படிப் பேசற ஆளா?"

அவர் சொன்னது சரி. இரங்கல் செய்தியில் பல் டாக்டர் எழுதியது இது: எங்கள் சகோதரி கடைசியாக, வெளிச்சத்தைக் கைவிட்டுவிடாதீர்கள், எல்லாரும் தொடர்ந்து படம் எடுங்கள் என்று கேட்டுக்கொண்டு விடைபெற்றார். யாரோ அவரிடம் ஏதோ சொல்ல, அவர் அதற்குச் சட்டம் போட்டு மாட்டிவிட்டார். என் மாமியார் கேட்கிறவர்களிடம் எல்லாம், அம்மா என்றுதான் கடைசியாகச் சொன்னாள் என்கிறார். அந்த நேரம் அவர் மருந்துக்கடை வரிசையில் நின்றுகொண்டிருந்தார். நான் இரண்டையும் மறுக்கவில்லை. என்னிடம் ஏதாவது சொன்னாளா என்று கேட்டால் சொல்வதற்கு ஒன்றும் இல்லை, அதனால்தான்.

வங்கிக்காரரிடம் சொன்னேன். அந்த இரண்டாம் நாள் ஸ்கேன் அறைக்குள் அவளைத் தள்ளிக்கொண்டு போனார்கள். நான் வாசலோடு நின்றுவிட்டேன். கதவு பாதி திறந்திருந்தது. மல்லாக்கப் படுத்திருந்தாள், மேலே இருந்த வட்டமான இயந்திரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். எங்களைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. வருத்தம் இருந்ததா என்று எனக்குத் தெரியாது. என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை, அதை வைத்தும் ஒன்றும் சொல்ல முடியாது. உள்ளே இருந்த டெக்னீஷியன் அவள் கையை நேராக்கிவிட்டு, அசையக் கூடாதும்மா, அசைந்தால் படம் கலங்கிவிடும் என்றார். கடைசியாக அவருக்குத்தான் பதில் சொன்னாள்.

"தெரியும் சார். நானும் படம் எடுக்கறவதான்."