முட்டைப் படுகைக்குக் காவல்

நவம்பர் பிறந்துவிட்டால் இந்த ஆற்றில் எனக்கு நல்ல பெயர் கிடையாது. அணைக்குக் கீழே மீன் பிடிக்க வருகிறவர்கள் என் தொப்பியைத் தூரத்தில் கண்டாலே "வந்துட்டான்யா ஹார்லன்" என்று முணுமுணுப்பார்கள். முணுமுணுக்கட்டும், எனக்கென்ன? பழுப்பு ட்ரவுட் மீன் முட்டையிடுகிற காலம் அது. பெண் மீன் வாலால் அடித்து அடித்துச் சரளைக்கல்லைக் கழுவி, குழி பறித்து, முட்டையிட்டு மூடிவிட்டுப் போகும். சுற்றிலும் ஆறு பாசி பிடித்துக் கிடக்க, அந்த இடம் மட்டும் பாய் விரித்தது போல வெளுத்துத் தெரியும். அதுதான் முட்டைப் படுகை. அதன்மேல் ஒரு பூட்ஸ் கால் பட்டால் அத்தனை முட்டையும் கூழ். இதை எத்தனை தரம் சொன்னாலும் வெளியூர்க்காரன் மண்டையில் ஏறாது. அதனால்தான் கத்துகிறேன்.

ஆற்றில் எங்கள் வீட்டுப் பக்கத்து வளைவில் ரொம்பக் காலமாக மீன் முட்டையிடவே இல்லை. ஒரு பெருவெள்ளம் சரளையை எல்லாம் வாரிக்கொண்டு போய்விட்டது; வழுக்குப் பாறைதான் மிச்சம். போன கோடையில் பக்கத்து வீட்டு ஓட்டிஸும் நானும் அனுமதி வாங்கி, அவன் லாரியில் சரளை ஏற்றி வந்து, வாளி வாளியாகச் சுமந்து கொட்டினோம். என் முட்டி கெட்டதே அந்த வேலையில்தான். ஆனால் இந்த வருடம் மீன் வந்தது. முதல் படுகையைப் பார்த்த அன்று கரையில் நின்று அழுதேன். அது என் மனைவி ஆர்டித்துக்கு மட்டும்தான் தெரியும்.

முட்டிக்கு ஆபரேஷன் ஆனதால் இந்த வருடம் எனக்கு ஆற்றில் இறங்கத் தடை. ஆர்டித் இறங்குவாள், நான் கரையில் மடக்கு நாற்காலி போட்டு உட்காருவேன். உண்மையைச் சொன்னால் என்னைவிட அவள்தான் நன்றாகத் தூண்டில் வீசுவாள். இறகும் நூலும் சுற்றிய பொய்ப்பூச்சி, கடுகைவிடக் கொஞ்சம் பெரிசு, அதைத் தண்ணீரில் அவள் வைக்கிற விதத்தில் மீனுக்குச் சந்தேகமே வராது. நான் வீசினால் மீன் சிரிக்கும் என்பாள். சொல்லிவிட்டுப் போகட்டும்.

கரையில் எனக்கு இரண்டு வேலை. ஒன்று படுகைக்குக் காவல். இன்னொன்று கல்லைப் பார்ப்பது. மின்சாரம் தேவைப்பட்டால் அணையில் தண்ணீரைத் திறந்துவிடுவார்கள். திறக்கிற நேரத்தைப் போனில் கேட்டுக்கொள்ளலாம். ஆனால் திடீரென்று குளிர் கடித்து ஊரே ஹீட்டரைப் போட்டால் சொன்ன நேரமெல்லாம் காற்றில் போச்சு. அணையில் ஊதுகிற சங்கு எங்கள் வளைவு வரைக்கும் கேட்காது. அதனால் கரையோரம் ஒரு கல்லைக் குறித்து வைத்துக்கொள்வோம். கல்லின் தலை நனைந்தால் கேள்வி கேட்காமல் கரையேற வேண்டும். ஒருவர் வீசினால் மற்றவர் கல்லைப் பார்ப்பார். கல்யாணமான நாளிலிருந்து எங்களுக்குள் அப்படித்தான்.

அன்று காலை பனி வெள்ளையாக உறைந்து கிடந்தது. ஆர்டித் வழக்கம்போல் படுகையைச் சுற்றிக்கொண்டு, கீழ்ப்பக்கத்து வழுக்குப் பாறை வழியாகத் தொடையளவு தண்ணீரில் நடந்து, ஆற்றின் நடுவில் இருக்கும் திட்டில் போய் நின்றாள். சிறு ஈக்கள் தண்ணீரிலிருந்து எழும்ப ஆரம்பித்தன. அவள் முதுகைப் பார்த்தே சந்தோஷமாக இருக்கிறாள் என்று தெரிந்தது.

அப்போதுதான் அந்த ஆள் வந்தான். ஐம்பது வயது இருக்கும். மார்பு வரை ஏறும் ரப்பர் உடுப்பு, கடை வாசனை இன்னும் போகாதது. நேராகப் படுகையின் விளிம்பில் இறங்கி, முட்டையிட்டுக்கொண்டிருக்கும் மீன் மேலேயே தூண்டிலை வீசினான். எனக்குக் கோபம் உச்சி வரை ஏறிவிட்டது.

"யோவ்! ஏறுய்யா வெளியே!"

திரும்பிப் பார்த்தான். "என்னங்க?"

"பிரசவ வார்டுல போய் வேட்டையாடுவியா நீ?"

"மீன் தெளிவாத் தெரியுது, அதான் வீசினேன்."

"தெரியும், தெரியும். முட்டை போடுற மீன் எங்க ஓடும்? உங்க ஊர்ல இதுக்குப் பேரு மீன் பிடிக்கிறதா?"

பாவம், அவன் மரியாதையாகத்தான் கரையேறி வந்தான். பேர் லெலண்ட், செயின்ட் லூயிஸில் பல் டாக்டர், போன வசந்தத்தில்தான் தூண்டில் பிடிக்கவே கற்றுக்கொண்டானாம். அவன் மன்னிப்புக் கேட்ட பிறகும் நான் விடவில்லை. வெள்ளத்திலிருந்து ஆரம்பித்தேன், லாரி, வாளி, முட்டி, ஆபரேஷன் என்று ஒன்று விடாமல் ஒப்பித்தேன். பேசப் பேச எனக்கு ருசியாக இருந்தது. அவன்தான் என் தோளுக்கு மேலே பார்த்துக்கொண்டு, "பெரியவரே, தண்ணி இவ்வளவு கிட்டவா இருந்துச்சு?" என்று கேட்டான்.

திரும்பினேன். கல்லைக் காணோம். நாற்காலியின் கால் தண்ணீரில் நின்றது. ஆற்றின் நிறமே மாறி, இலையும் குச்சியும் நுரையுமாக மிதந்து வந்தன.

"ஆர்டித்!"

அவள் மீனோடு போராடிக்கொண்டிருந்தாள். தூண்டில் வில்லாக வளைந்திருந்தது. "பெரிய மீனு, கிழவா! சும்மா இரு!"

"தண்ணி திறந்துட்டான்! விட்டுட்டு வா!"

அவள் குனிந்து பார்த்தாள். திட்டு மூழ்கி, முழங்கால் வரை தண்ணீர். உடனே நூலை அறுத்துவிட்டாள், அதில் ஒரு கணம்கூட யோசிக்கவில்லை. போன வழியே திரும்பினாள், அதாவது கீழ்ப்பக்கத்து வழுக்குப் பாறைக்கு. இரண்டு எட்டு வைத்ததுமே இடுப்புக்கு வந்துவிட்டது. கால் சறுக்கிச் சாய்ந்தாள், எப்படியோ நிமிர்ந்தாள். அந்தத் தண்ணீர் அணையின் அடியிலிருந்து வருவது, ஐஸாகக் குளிரும். ரப்பர் உடுப்புக்குள் அது புகுந்தால் ஆள் பிழைப்பது கஷ்டம். 

"அங்க வேண்டாம்! மேலப்பக்கம் வா! படுகை மேல நடந்து வா!"

அவள் நின்றுவிட்டாள். அந்த வெள்ளத்தில் நின்றுகொண்டு என்னை முறைத்துப் பார்த்தாள்.

"என்னது?"

"படுகையை மிதிச்சுக்கிட்டு வா!"

"உனக்கென்ன கிறுக்குப் புடிச்சிருக்கா? முட்டை இருக்குய்யா அங்க!"

"முட்டை நாசமாப் போகட்டும்! வாடீ!"

அவள் அசையவில்லை. பின்னே எப்படி அசைவாள்? அந்த வெள்ளை இடத்துப் பக்கம் கால் போனாலே பேயாகக் கத்துகிறவன் நான். ஒருமுறை அவள் நிழல் விழுந்ததற்கே சண்டை போட்டிருக்கிறேன். பயத்தில் நான் ஏதோ உளறுகிறேன் என்று நினைத்து மறுபடியும் கீழ்ப்பக்கமே காலை எடுத்து வைத்தாள்.

சொல்லி நம்ப மாட்டாள், மிதித்துக் காட்டினால்தான் நம்புவாள். சாதாரணக் கால்சட்டையோடு, அந்தப் புது முட்டியோடு, ஆற்றில் இறங்கினேன். குளிர் எலும்பில் ஏறியது. முதல் படுகையின் நட்டநடுவில் பூட்ஸை ஓங்கி வைத்தேன். சரளை என் காலடியில் நறநறவென்று அமுங்கியது. ஆனால் வழுக்கவில்லை, சரளை மேடாக இருந்ததால் தண்ணீரும் என் தொடைக்கு மேல் வரவில்லை. அடுத்ததையும் மிதித்தேன். "பார்! பார்த்துக்கோ! நானே மிதிக்கிறேன், வா!"

அப்போதுதான் அவள் முகம் மாறியது. திரும்பினாள். நீரோட்டத்துக்கு எதிரே, ஒவ்வொரு எட்டாக, அந்த வெள்ளைச் சரளைமேல் ஏறி வந்தாள். எனக்கு முட்டி மடங்கப் பார்த்தது. பின்னாலிருந்து யாரோ என் பெல்ட்டைக் கொத்தாகப் பிடித்தார்கள். "பிடிச்சுட்டேன், நீங்க கையை நீட்டுங்க," என்றான் பல் டாக்டர். நீட்டினேன். ஆர்டித்தின் கை என் கையில் விழுந்தது. பிறகு அவன் எங்கள் இருவரையும் இழுத்துக் கரையில் போட்டான். அவனை என்னவெல்லாம் திட்டியிருந்தேன்! அவன் எதையும் மனதில் வைத்துக்கொள்ளவில்லை, நல்ல மனுஷன்.

ஆர்டித் மூச்சு வாங்கிக்கொண்டு ஆற்றைப் பார்த்தாள். பழுப்புத் தண்ணீரில் எதுவும் தெரியவில்லை. "உன் முட்டையெல்லாம் போச்சே, ஹார்லன்," என்று தேம்பினாள்.

"கல்லைப் பாக்காம வாய் வளர்த்துக்கிட்டு நின்னது நான். நீ எதுக்கு அழுற, பைத்தியம்?" என்றேன். அவளைக் கட்டிக்கொண்டு அவளைவிடச் சத்தமாக நான்தான் அழுதேன். லெலண்ட் நாகரிகமாகத் தன் பூட்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அந்த வாரமே நன்றி கூறும் விருந்து. மகள் கோரா குடும்பத்தோடு வந்திருந்தாள், ஓட்டிஸ் வழக்கம்போல் வந்திருந்தான், லெலண்டையும் விடாமல் கூப்பிட்டிருந்தோம். வான்கோழியும் சோள ரொட்டியும் மேசைக்கு வந்த பிறகு, கத்தி வைக்கும் முன் ஒவ்வொருவரும் எதற்கு நன்றி என்று சொல்ல வேண்டும். வருடா வருடம் நான் "பெக்கான் பருப்பு இனிப்புக்கு" என்று சொல்லி ஆர்டித்திடம் வாங்கிக் கட்டிக்கொள்வேன்.

ஓட்டிஸுக்குப் படுகை போன செய்தியை நான் இன்னும் சொல்லியிருக்கவில்லை. அந்த வாளிகளில் பாதி அவன் சுமந்தது. என் முறை வந்ததும் அவனைப் பார்த்துத்தான் பேசினேன். நடந்ததை எல்லாம் சொன்னேன், நானே மிதித்ததையும் சொன்னேன். அவன் முள்கரண்டியைக் கீழே வைத்தான்.

"மொத்தமாவா?" என்றான்.

"மொத்தமா."

"எனக்கு ஏன்டா போன் பண்ணல?" என்றான். குரல் உடைந்திருந்தது.

"எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுடா பண்ணுவேன்? நாம மட்டும் கொட்டியிருக்காட்டா அங்க வெறும் வழுக்குப் பாறைதான், ஓட்டிஸ். அவ தலைக்கு மேல தண்ணி போயிருக்கும்."  ஆர்டித்தின் பக்கம் திரும்பினேன். "அந்தச் சரளைக்குத்தான் இந்த வருஷம் என் நன்றி. மீனுக்குன்னு சுமந்தோம். என் பொண்டாட்டியைத் தாங்குச்சு."