யார் வராவிட்டாலும்

தீக்காயம் ஆறும்போது தோல் சும்மா இருக்காது. தடித்து, மேடு தட்டி, மூட்டை மடக்க விடாமல் இழுத்துப் பிடிக்கும். அதை அடக்க, உடம்போடு ஒட்டின மாதிரி இறுக்கமான உடை ஒன்றை இரவும் பகலும் போட்டிருக்க வேண்டும். கடையில் வாங்க முடியாது. ஒவ்வொருவருடைய கைக்கும் கழுத்துக்கும் முகத்துக்கும் தனித்தனியாக அளவெடுத்துத் தைக்க வேண்டும். குழந்தைகள் வளர்ந்துகொண்டே இருப்பார்கள் என்பதால் அவர்களுக்கு அடிக்கடி மாற்ற வேண்டும். அந்த உடையைத் தைத்துக் கொடுக்கும் சின்ன நிறுவனம் ஒன்றை அவர் நடத்திவந்தார். பழைய மாடிக் கட்டடம். கீழே துணி வெட்டும் மேசைகள், மேலே தையல் இயந்திரங்கள், படிக்கட்டுக்கு அடியில் தலை குனிந்து நுழைய வேண்டிய அவருடைய அறை.

அவருக்குக் கல்யாணம் ஆகவில்லை. அதற்கு நேரம் ஒதுக்கவில்லை என்று சொல்வதே சரி. சொந்தம் என்று இருந்தது ஒரே தங்கை. அடுத்த தெருவில் கணவனோடும் மகளோடும் இருந்தாள். ராத்திரிச் சாப்பாடு அவருக்கு அங்கேதான்.

ஒரு நாள் துணிச் சுருளைத் தோளில் போட்டுக்கொண்டு மாடி ஏறும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். பிழைத்தார். ஆனால் இதயம் பாதிதான் வேலை செய்கிறது, இனி அதை வைத்துக்கொண்டுதான் வண்டி ஓட்ட வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். எவ்வளவு தூரம் ஓடும் என்று இவர் கேட்டதற்கு அவர் பிடி கொடுக்கவில்லை.

அந்தச் சமயத்தில்தான் கட்டடத்தின் தீ விபத்துக் காப்பீட்டைப் புதுப்பிக்க ஒரு பெண் வந்தாள். இந்த மாதிரிச் சின்ன நிறுவனங்களைத் தினமும் பார்க்கிறவள். எல்லா அறைகளையும் சுற்றிப் பார்த்துவிட்டு, போகிற போக்கில் ஒன்று கேட்டாள்.

“சார், நாளைக்குக் காலையில நீங்க வரலைன்னா இங்க முதல்ல எது நிக்கும்?”

அவர் சிரித்துக்கொண்டே பதில் சொல்ல ஆரம்பித்தார். துணி வரவழைக்கிறவர் அவர். ஆஸ்பத்திரிகளிலிருந்து வரும் அளவுகளைச் சரிபார்க்கிறவர் அவர். சம்பளம் போடுகிறவர், கம்ப்யூட்டரைத் திறக்கிறவர், இயந்திரம் பழுதானால் யாரைக் கூப்பிடுவது என்று தெரிந்தவர், எல்லாம் அவர். சொல்லச் சொல்லச் சிரிப்பு நின்றுபோயிற்று.

“எல்லாமே நிக்கும்மா,” என்றார்.

அப்படியானால் ஒரு திட்டம் போட்டே ஆக வேண்டும் என்றாள் அவள். தீப்பிடித்தால் என்ன, வெள்ளம் புகுந்தால் என்ன, மின்சாரம் போனால் என்ன, முதலாளி போனால் என்ன, எதற்கும் ஒரு பதில் இருக்க வேண்டும். முதல் மூன்றும் சுலபமாக முடிந்தன. வெட்டு மாதிரிகளை எல்லாம் நகலெடுத்து இன்னோர் இடத்திலும் வைத்தார். துணிக்கு இரண்டாவதாக ஒரு மில்லைப் பிடித்தார். நகரத்தின் மறுகோடியில் இதே தொழில் செய்யும் ஓர் அம்மா இருந்தாள். பல வருடப் போட்டி. ஒருவரை ஒருவர் பார்த்தால் பல்லைக் கடித்துக்கொண்டு புன்னகைப்பார்கள். அவளிடமே போய்ப் பேசினார். உங்கள் இடம் எரிந்தால் என் இயந்திரங்கள், என் இடம் எரிந்தால் உங்களுடையவை என்று அவளும் ஒப்புக்கொண்டாள்.

முதலாளி போனால் என்ன என்பதற்குத்தான் பதில் இல்லை. யோசித்துப் பார்த்ததில் ஒரே ஓர் ஆள்தான் தென்பட்டார். தங்கையின் கணவர்.

மாப்பிள்ளை சரக்குப் போக்குவரத்து அலுவலகம் ஒன்றில் நல்ல வேலையில் இருந்தார். நேரத்துக்குப் போய் நேரத்துக்கு வருகிற வேலை. ஆனால் அவர் இருக்கிற இடத்தில் பேச்சு ஓயாது. சாவு வீட்டில்கூட நாலு பேரைச் சிரிக்க வைத்துவிட்டு வந்து மனைவியிடம் திட்டு வாங்குவார். ஒரு ராத்திரி சாப்பிடும்போது இவர் விஷயத்தை எடுத்தார். தங்கைக்கு இஷ்டமில்லை. கை நிறைய வருகிறதை விட்டுவிட்டு இந்த வயதில் தையல் கற்றுக்கொள்ளப் போக வேண்டுமா என்றாள். அண்ணன் முகத்தைப் பார்த்துவிட்டு அதற்குமேல் பேசவில்லை. மாப்பிள்ளை கையைக் கழுவிவிட்டு வந்து, யோசித்துச் சொல்கிறேன் என்றார். அந்த வாரக் கடைசியிலேயே வேலையை விட்டுவிட்டதாகச் சொன்னார்.

அதன்பிறகு வந்தது இவர் வாழ்க்கையிலேயே நல்ல வருடம். வெளியே சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள், தான் செத்த பிறகு என்ன ஆகும் என்று பேசிப் பேசிக் கழித்த வருடம் அது. மாப்பிள்ளை ஊசியில் நூல் கோக்கத் தெரியாமல்தான் வந்தார். வெட்டு மேசைக்குப் பொறுப்பான பெண்ணை எல்லோரும் கத்தரியக்கா என்பார்கள். அவளிடம் போய் நின்று துணியை இழுத்து இழுத்துப் பார்த்து, எது எவ்வளவு நீண்டு கொடுக்கும் என்று கற்றுக்கொண்டார். ஆஸ்பத்திரிக்குப் போனால் அளவெடுக்கும்போது அழுகிற குழந்தைகளிடம் தன் காதில் அளவு நாடாவை மாட்டிக்கொண்டு கதை சொல்வார். இவர் போனால் அழுகை கூடும். மாப்பிள்ளை போனால் குறையும்.

“மச்சான், நீங்க போறதுக்கு நான் ரெடி. நீங்க எப்ப ரெடின்னு முன்கூட்டியே சொல்லிடுங்க, லீவு கேக்கறவங்களுக்கு நான் பதில் சொல்லணும்” என்று சாப்பாட்டு மேசையில் சொல்லுவார். தங்கை கரண்டியை ஓங்குவாள். இவர் புரையேறச் சிரிப்பார்.

காப்பீட்டுப் பெண் சொல்லி, ஒத்திகையும் பார்த்தார்கள். ஒரு வாரம் இவர் பட்டறைப் பக்கம் வரக் கூடாது, போனையும் எடுக்கக் கூடாது. செத்துப் போனவன் வீட்டில் உட்கார்ந்து செய்தித்தாள் படிக்கிற மாதிரி இருந்தது அவருக்கு. முதல் ஒத்திகையில் இரண்டு உடைகள் வீணாயின, ஓர் ஆஸ்பத்திரியிலிருந்து சத்தம் போட்டார்கள். அடுத்ததில் ஒன்றும் ஆகவில்லை. திரும்பி வந்த அவரைப் பார்த்து, அடடா, நீங்கள் இன்னும் இருக்கிறீர்களா என்றார் மாப்பிள்ளை. எல்லோரும் சிரித்தார்கள். அவருக்கு நெஞ்சு லேசாகிவிட்டது. இனிப் பயமில்லை என்று தோன்றியது.

ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலையில் மாப்பிள்ளை மனைவியோடு மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தார். திடீரென்று தலை வலிக்கிறது என்றார். கையிலிருந்த ஈரத் துண்டைப் பிடித்தபடியே தரையில் உட்கார்ந்தார். பிறகு எழுந்திருக்கவில்லை. மூளையில் ரத்தக்குழாய் வெடித்திருந்தது. பிறந்ததிலிருந்தே அந்த இடம் பலவீனமாக இருந்திருக்கலாம், யாருக்கும் தெரிந்திருக்க வாய்ப்பில்லை என்றார்கள். பொழுது சாய்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

ஆஸ்பத்திரி வராந்தாவில் அவருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. தன் மாத்திரையைப் போட்டுக்கொள்ளக்கூட மறந்து நின்றார். தங்கை மகள்தான் அவருடைய சட்டைப்பையைத் தடவி எடுத்துக் கொடுத்து, “போட்டுக்கோங்க மாமா” என்றாள். அந்தப் பெண்ணின் முகத்தை அவரால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

துக்கம் கேட்க வந்தவர்களில் ஒரு தூரத்து உறவு, இவர் கதவுக்குப் பின்னால் நிற்பது தெரியாமல், போக வேண்டிய ஆள் குத்துக்கல்லாட்டம் இருக்க இந்தப் பிள்ளை போய்விட்டதே என்றாள். அவருக்குக் கோபம் வரவில்லை. காலையிலிருந்து அவர் தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்தது அதுதான்.

அந்த வாரக் கடைசியில் பட்டறைக்குப் போனார். எல்லாம் தாறுமாறாகக் கிடக்கும், தலைக்கு மேல் வேலை இருக்கும், அதில் விழுந்து கிடந்தால் கொஞ்சம் மறக்கலாம் என்று எண்ணித்தான் போனார். உள்ளே நுழைந்தால் இயந்திரங்கள் ஓடிக்கொண்டிருந்தன. போக வேண்டிய உடைகளெல்லாம் போய்விட்டிருந்தன. அந்தப் புதன்கிழமை வர வேண்டிய துணி வராமல் போக, இரண்டாவது மில்லிலிருந்து வரவழைத்திருந்தார்கள். ஓர் ஆஸ்பத்திரியும் சத்தம் போடவில்லை. கத்தரியக்கா கண்கள் வீங்கி மேசையருகில் நின்றாள்.

“யாரைக் கேட்டு இதெல்லாம் செஞ்சீங்க?” என்றார்.

“யாரையும் கேக்கல சார். அவர் சொல்லிக் குடுத்திருந்தாருல்ல. யார் வராட்டியும் புள்ளைங்களுக்கு உடை போகணும்னு. அப்படியே செஞ்சோம்.”

நல்லது என்று சொல்லிவிட்டுப் படிக்கட்டடி அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அதுவரை அழாதவர் அங்கே உட்கார்ந்து அழுதார். ஒரு வருடம் கண்ணும் கருத்துமாக அவர் எதற்காகப் பாடுபட்டாரோ அது பலித்துவிட்டது. ஓர் ஆள் போனதும் தெரியாமல் வேலை நடந்திருந்தது. ஒரே ஒரு நாளாவது இந்த இடம் நின்று போயிருக்கக் கூடாதா, ஓர் இயந்திரமாவது பழுதாகிக் கிடந்திருக்கக் கூடாதா என்று இருந்தது அவருக்கு. மேலே தையல் இயந்திரங்கள் ஓடுகிற அதிர்வு சுவரில் கேட்டுக்கொண்டே இருந்தது.

ராத்திரிச் சாப்பாட்டுக்கு அவர் தங்கை வீட்டுக்குப் போவது நிற்கவில்லை. அவளும் பரிமாறுவாள். ஆனால் பேச்சு இல்லை. உப்பு வேண்டுமா, தண்ணீர் வேண்டுமா என்பதோடு சரி. மாதங்கள் இப்படியே போயின. காப்பீட்டுப் பெண் போன் செய்து துக்கம் விசாரித்தாள். தயங்கித் தயங்கி, அந்த இடத்துக்கு வேறு ஒருவரை யோசிக்க வேண்டுமே சார் என்றாள். அவள் சொன்னது நியாயம்தான். அவருடைய இதயம் அப்படியேதான் இருந்தது.

வேறு யாரும் தோன்றாமல், கடைசியில் தங்கையிடமே கேட்டார். நீ வந்து பார்த்துக்கொள், இல்லாவிட்டால் படிப்பு முடிந்ததும் உன் மகள் வரட்டும், மாப்பிள்ளை பட்ட பாடு வீணாகக் கூடாது என்றார். அவள் தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். அப்படியே வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள்.

“எனக்கு வேண்டாம்ணா. என் பொண்ணுக்கும் வேண்டாம்.”

“என்மேல கோவமா?”

“கோவம்னு இல்ல. நீ போயிடுவேன்னு நாங்க ஒரு வருஷமா மனசைத் தயார் பண்ணிட்டிருந்தோம். நீ இருமினா நான் எந்திரிச்சு உக்காருவேன். நீ ரெண்டு மாடி ஏறினா எனக்கு மூச்சு வாங்கும். எல்லாரும் உன்னையே பாத்துட்டிருந்தோம்ணா. அவரை யாரும் திரும்பிக்கூடப் பாக்கல. அவருக்கு அடிக்கடி தலை வலிக்குதுன்னு எனக்கே தெரியும். மாத்திரை போட்டுக்கோங்கன்னு சொல்லிட்டு, உன் மாத்திரை தீந்துபோச்சான்னு கேட்டேன்.”

அவள் எழுந்து, விட்ட வேலையைத் தொடர்ந்தாள். அவர் கிளம்பும்போது வாசல்வரை வந்து, மெதுவாகப் போ என்றாள். அது அவள் பல மாதங்களாகச் சொல்லாதது.

மறுநாள் அவர் அந்தக் கோடியில் இருந்த போட்டிக்கார அம்மாவைப் போய்ப் பார்த்தார். இடம் எரியவில்லை, ஆனாலும் உங்கள் உதவி வேண்டியிருக்கிறது என்றார். நான் இருக்கும்போதே நிறுவனத்தை ஒப்படைத்துவிடுகிறேன், ஆட்களை வேலையைவிட்டு அனுப்பக் கூடாது, அளவில் சமரசம் கூடாது, தங்கைக்குச் சேர வேண்டியது சேர வேண்டும், வேறு ஒன்றும் கேட்கவில்லை என்றார். அவள் நெடுநேரம் பேனாவை உருட்டிக்கொண்டிருந்தாள்.

“எனக்கும் யாரும் இல்ல சார்,” என்றாள். “உங்க மாப்பிள்ளை ஒரு தடவ இங்க வந்திருந்தாரு. அவரு கிளம்பிப் போனப்புறம் இங்க தைக்கிற பொண்ணுங்க எல்லாம் நாள் பூரா சிரிச்சிட்டிருந்தாங்க. நான் பொறாமைப்பட்டேன், உங்களுக்கு இப்படி ஒரு ஆள் கிடைச்சிட்டாரேன்னு.”

சம்மதித்தாள். முடிகிறபோது வந்து அளவுகளைப் பார்த்துக் கொடுங்கள் என்று கேட்டுக்கொண்டாள். கட்டடம் காலியாயிற்று. கத்தரியக்காவும் பெரும்பாலானவர்களும் அங்கே போனார்கள். தூரம் ஒத்துவராது என்று வயதான இரண்டு பெண்கள் மட்டும் நின்றுவிட்டார்கள். அவர்கள் விடைபெற்றுப் போனபோது, இத்தனை வருடம் இருந்தும் அவர்கள் வீடு எந்தப் பக்கம் என்றுகூடத் தனக்குத் தெரியாது என்பது அவருக்கு உறைத்தது. உடைகள் தாமதமில்லாமல் போய்க்கொண்டிருந்தன. உள்ளே தைத்திருந்த சின்னச் சீட்டில் நிறுவனத்தின் பெயர் மட்டும் வேறு.

மழைக்காலம் கழிந்து அவர் வழக்கமான பரிசோதனைக்குப் போக வேண்டியிருந்தது. முன்பெல்லாம் மாப்பிள்ளைதான் அழைத்துப் போவார். இந்தத் தடவை தனியாகக் கிளம்பியவரைத் தங்கை வாசலில் நிறுத்தி, இரு, நானும் வருகிறேன் என்று செருப்பை மாட்டிக்கொண்டாள். டாக்டர் இதயத்தின் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஓய்வு எடுக்கிறீர்களா என்று கேட்டார். இதயம் எதிர்பார்த்ததைவிட நன்றாகத் தேறியிருக்கிறது, இப்படியே போனால் இன்னும் பல வருடங்களுக்குப் பயமில்லை என்று சந்தோஷமாகச் சொல்லி, வாழ்த்துகிற மாதிரி கையை நீட்டினார். அவர் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார்.

வெளியே வந்து வரிசையாகப் போட்டிருந்த நாற்காலிகளில் ஒன்றில் தங்கை உட்கார்ந்தாள். முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். சத்தமில்லாமல் தோள் மட்டும் குலுங்கியது. அவர் பக்கத்தில் உட்கார்ந்து அவள் முதுகில் கை வைத்தார். மன்னிப்புக் கேட்க வேண்டும் போலிருந்தது. எதற்கு என்று சொல்லத் தெரியாததால் கேட்கவில்லை.

“அழாத,” என்றார்.

“சந்தோஷமாத்தான் இருக்குண்ணா,” என்றாள் அவள், முகத்தைத் துடைக்காமலே. “நெஜமாவே சந்தோஷமாத்தான் இருக்கு. அதைச் சொல்லத்தான் வரமாட்டேங்குது.”

அடுத்த ஆளை உள்ளே கூப்பிட்டார்கள். வழியை மறித்துக்கொண்டிருந்த அவர்கள் இருவரும் கால்களை ஒடுக்கி இடம் விட்டார்கள்.