பச்சை வாய், நீல வாய்

அந்தக் குப்பை லாரிக்குப் பின்பக்கம் இரண்டு வாய். பச்சை வாயில் ஈரக் குப்பை, நீல வாயில் உலர்ந்த குப்பை. வாய்தான் இரண்டே தவிர வயிறு ஒன்றுதான். நடுவே இருந்த தகரத் தடுப்பு நாலு வருஷத்துக்கு முன்பு துருப்பிடித்து வளைந்து, குப்பையை அமுக்கும் இயந்திரத்தில் போய்ச் சிக்கிக்கொண்டது. சூப்பர்வைசர் அதைக் கழற்றிப் பழைய இரும்புக்குப் போட்டார். புதுத் தடுப்பு வரும் என்றார். வந்தது புதுப் பெயின்ட்தான்.

லாரியை ஓட்டுபவனுக்கு ஷெட்டில் 'சைலன்சர்' என்று பேர். அவன் சேர்ந்தாற்போல் நாலு வார்த்தை பேசிவிட்டால் அன்றைக்கு மழை வரும் என்று கூட இருப்பவர்கள் கிண்டல் செய்வார்கள். வாய் திறக்காத ஆளை எந்த ஆபீசுக்குத்தான் பிடிக்காது? வேலை நிரந்தரமானது. கூடவே குடும்பத்துக்கு ஒரு மருத்துவ அட்டையும் கிடைத்தது. அந்த அட்டையின் புண்ணியத்தில்தான் அவனுடைய எட்டு வயது மகள் மூச்சு விட்டுக்கொண்டிருந்தாள்.

அவன் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளிக் குப்பைமேடு. அங்கே பிளாஸ்டிக் எந்நேரமும் புகைந்துகொண்டிருக்கும். காற்று இந்தப் பக்கம் திரும்பினால் பிள்ளைக்கு இழுப்பு வந்துவிடும். மாதாமாதம் மருந்து, அவ்வப்போது ஆஸ்பத்திரி. அவன் மனைவி வீட்டிலேயே துணி தைப்பவள். மெஷினை ஓட்டிக்கொண்டே ஒரு காதைப் பிள்ளையின் நெஞ்சுச் சத்தத்துக்குக் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருப்பாள்.

போன வருஷம் ஆபீசிலிருந்து ஒரு நோட்டீஸ் வந்தது. சின்னச் சின்னப் பழக்கங்கள் பூமியைக் காக்கும் என்று ஆரம்பித்து, குப்பையைப் பிரித்துக் கொடுத்தால் பிளாஸ்டிக் மேட்டுக்குப் போகாது, புகையும் வராது என்று முடிந்தது. தெருத் தெருவாக அதைக் கொடுத்தவன் சைலன்சர்தான். வாங்கியவர்கள் அதில் பஜ்ஜி மடித்திருப்பார்களோ என்னவோ, அவன் மனைவி மட்டும் எழுத்துக் கூட்டிப் படித்தாள். மறுநாள் வீட்டுக்குப் பச்சை பக்கெட் ஒன்றும் நீல பக்கெட் ஒன்றும் வந்துவிட்டன. கடைக்குப் போனால் துணிப்பை. குளிக்க ஒரே வாளித் தண்ணீர். பால் கவரைக் கழுவி, கொடியில் கிளிப் மாட்டிக் காயப்போட்டாள். கவருக்கெல்லாம் தலைக்குக் குளிப்பாட்டுகிறாயா என்று தெருவே சிரித்தது. அவள் விடவில்லை. வீடு வீடாகப் போய்ப் பேசி, கெஞ்சி, சிலரோடு சண்டையும் போட்டு, ஆறே மாதத்தில் தெரு முழுக்கக் கொடிகளில் பால் கவர் தொங்க வைத்துவிட்டாள்.

தினமும் காலையில் அவள் நீட்டும் இரண்டு பக்கெட்டையும் அவன்தான் வாங்குவான். பச்சையைப் பச்சையில் கொட்டுவான், நீலத்தை நீலத்தில் கொட்டுவான், நெம்புகோலை இழுப்பான். உள்ளே எல்லாம் ஒன்றாக நசுங்கி நேரே மேட்டுக்குத்தான் போகும். முதல் நாளே சொல்லிவிட நினைத்தான். ஆனால் வெகு நாளைக்குப் பிறகு அன்றுதான் அவள் முகத்தில் தெம்பைப் பார்த்தான். நாளைக்குச் சொல்லலாம் என்று விட்டான். அந்த 'நாளை' ஒரு வருஷமாக வரவே இல்லை. கோழைத்தனம்தான், வேறென்ன.

போன வாரம் பிள்ளை உதடு நீலம் பாரித்துப்போய் மூன்று நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். திரும்பி வந்த அன்று மதியம் அவன் கட்டிலோரம் உட்கார்ந்திருந்தான். பிள்ளை அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"அப்பா, அம்மாகிட்ட சொல்லிடாதே. நான் ஒரு சாக்லேட் தாளை பச்சை பக்கெட்ல போட்டுட்டேன். கழுவவும் இல்ல. அதான் புகை வந்துடுச்சு."

எட்டு வயசுப் பிள்ளை தன் மூச்சு முட்டியதற்குத் தானே காரணம் என்று மூன்று நாளும் ஊசி குத்தக் குத்தக் கிடந்திருக்கிறாள்.

"அது உன்னால இல்ல, கண்ணு. நீ எதுல போட்டாலும் புகை வரத்தான் செய்யும். அப்பா சொல்றேன்ல."

பிள்ளை அவனையே பார்த்தாள். பிறகு ஏதோ பெரிய பாரத்தை இறக்கி வைத்ததுபோலப் பெருமூச்சு விட முயன்று இருமினாள்.

அவன் நேரே அடுப்படிக்குப் போய் மனைவியிடம் எல்லாவற்றையும் கொட்டினான். தடுப்புத் தகரம், பெயின்ட், நாலு வருஷம், எதையும் விடவில்லை. அவள் கழுவிக்கொண்டிருந்த கவரிலிருந்து தண்ணீர் சொட்டியது. முதலில் அவளுக்குப் புரியவில்லை. புரிந்ததும் கத்துவாள் என்று எதிர்பார்த்தான். அவள் தணிந்த குரலில்தான் பேசினாள்.

"தினம் என் கையால வாங்கினீங்களே. எப்படி வாங்கினீங்க?"

தெருவைக் கூட்டி இப்போதே சொல்லப்போகிறேன் என்று அவள் முந்தானையை இழுத்துச் செருகினாள். அப்போதுதான் அவன் மிச்சத்தையும் சொன்னான். தடுப்பைப் பற்றிப் போன வருஷம் வெளியே பேசிய இன்னொரு டிரைவரை ஒரே வாரத்தில் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். வேலையோடு அட்டையும் போய்விடும்.

அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். உள்ளறையில் பிள்ளை இருமுவது கேட்டது. இரண்டு பேரும் அதையே கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

வாசலில் மாடிவீட்டு அக்கா வந்து நின்றாள். பிள்ளையைப் பார்க்க வந்தவள் அழாத குறையாகப் பேசினாள். உடம்பு முடியாமல் இரண்டு நாள் எல்லாக் குப்பையையும் ஒன்றாகக் கட்டிப் போட்டுவிட்டாளாம். அதிலிருந்து மனசே சரியில்லையாம்.

"உண்மையைச் சொல்லும்மா. நாங்க இப்படிப் போடுறதாலதானே பிள்ளைக்கு இப்படி ஆச்சு?"

தையல்காரி புருஷனைப் பார்த்தாள். மேஜைமேல் இருந்த மருந்தைப் பார்த்தாள். முகத்தைச் சேலைத் தலைப்பால் துடைத்துக்கொண்டாள்.

"ஆமாக்கா. எல்லாரும் ஒழுங்காப் பிரிச்சுப் போட்டா புகை குறையும். இனிமே பாத்துப் போடுங்க."

உள்ளறைக் கதவைப் பிடித்துக்கொண்டு பிள்ளை நின்றிருந்தாள். எப்போது எழுந்து வந்தாளோ தெரியாது. அம்மாவைப் பார்த்தாள், அக்காவைப் பார்த்தாள், கடைசியில் அப்பாவிடம் வந்து நின்றாள்.

"அப்பா, அம்மா சொல்றது நிஜமா, நீ சொன்னது நிஜமா?"

மாடிவீட்டு அக்கா அவன் பக்கம் திரும்பினாள்.

"அம்மா சொல்றதுதான்," என்றான்.