வள்ளத்தின் பெயர் வரும் இடம்

எனக்குச் சொந்த ஊர் புதுக்கோட்டை. பாட்டு சுத்தமாக வராது. மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வாசிக்கக் கற்றுக்கொடுக்க நன்றாக வரும், அதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. டிசம்பர் பிறந்துவிட்டால் இந்தக் கடற்கரைப் பிள்ளைகள் வாயில் கிறிஸ்துமஸ் கேரல் பாட்டைத் தவிர வேறு எதுவும் நிற்காது. சரி, அதையே பாடமாக்கிவிடுவோம் என்று பழைய கேரல் பாட்டு ஒன்றைப் பெரிய சார்ட்டில் எழுதி மாட்டினேன்.

தலைமையாசிரியை இந்துமதி டீச்சருக்கு அது பிடிக்கவில்லை. ஜெனோ என்கிற சிறுமியைக் கூப்பிட்டு, நான்காம் வரியைத் தொட்டு வாசிக்கச் சொன்னார். அவள் உதட்டுக்குள்ளேயே முதல் வரியிலிருந்து பாடிக்கொண்டு வந்து, நான்காவது வந்ததும் சத்தமாகச் சொன்னாள். டீச்சர் சிரித்துவிட்டார். இது வாசிப்பில்லை, மனப்பாடம் என்றார். லீவு விடுவதற்குள் இவள் வாசிக்காவிட்டால் ஒன்றாம் வகுப்பில் உட்கார வைப்பதாகவும் சொன்னார். அது ஜெனோவின் தம்பி படிக்கும் வகுப்பு. பிள்ளையின் முகம் சுண்டிப்போனது. எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்தது, ஆனால் டீச்சர் சொன்னதில் பாதி உண்மை.

இந்த ஊரில் ஒரு வழக்கம் உண்டு. கேரல் பாட வீடு வீடாகப் போகிறவர்கள், கடைசிச் சரணத்தில் அந்த வீட்டு மீன்பிடி வள்ளத்தின் பெயரைச் சேர்த்து, பாலன் இயேசு அதைக் காக்கட்டும் என்று பாடுவார்கள். அதைப் பிடித்துக்கொண்டேன். சார்ட்டில் அந்த இடத்தைக் காலியாக விட்டு, தினமும் ஒரு வள்ளத்தின் பெயரை அட்டையில் எழுதிச் செருகினேன். பாட்டு அதுவரை தானாக ஓடும். அங்கே நின்று எழுத்துக் கூட்டினால்தான் மேற்கொண்டு நகரும். தப்பாக வாசித்தால் ஆசீர்வாதம் வேறு வீட்டு வள்ளத்துக்குப் போய்விடும் என்று பிள்ளைகளே சண்டைக்கு வந்தார்கள்.

லீவுக்கு முந்தின நாள் இந்துமதி டீச்சர் வந்தார். கரையில் நிற்கும் வள்ளங்களின் பெயரெல்லாம் இதுகளுக்குத் தெரிந்ததுதானே என்று சொல்லி, தானே ஒரு பெயரை எழுதிச் செருகினார். ஜெனோ பாடினாள். அந்த இடம் வந்ததும் நின்றாள். விரல் எழுத்தெழுத்தாக நகர்ந்தது. எனக்குப் பயமில்லை, கை மட்டும் முந்தானையைத் திருகிக்கொண்டிருந்தது.

"பச்... சைக்... கிளி. பச்சைக்கிளி."

பாட்டை முடிக்காமல் டீச்சரைத் திரும்பிப் பார்த்தாள்.

"டீச்சர், பச்சைக்கிளின்னு நம்ம கரையில வள்ளமே கெடையாது. இத யாரு வீட்டு வாசல்ல போயி பாட?"