வாலாட்டி வந்த தேதி

சாவு வீட்டில் தையல் மெஷின் ஓடினால் யார்தான் முகம் சுளிக்க மாட்டார்கள்? கூடத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். டெய்லரம்மா யாரையும் பார்க்கவில்லை. புதுச் சட்டையை உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பிப் போட்டு, இடது மார்புக்கு நேராக ஒரு துண்டுத் துணியை வைத்து மிதித்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணி, வண்டி பதினோரு மணிக்கு வந்துடும்," என்றார் கொழுந்தனார், வாசற்படியில் நின்றபடி. "சட்டை நல்லாத்தானே இருக்கு. இப்பப் போய் என்ன தையல்?"

"பை வைக்கணும்."

"அதான் ஒரு பை இருக்கே."

"அது பேனாவுக்கு. இது நோட்டுக்கு."

போகிற இடத்தில் நோட்டு எதற்கு என்று கேட்க வந்தவர், அண்ணியின் முகத்தைப் பார்த்துவிட்டு வார்த்தையை விழுங்கிக்கொண்டு நகர்ந்தார்.

இறந்துபோன அவள் புருஷன் லைன்மேன், முப்பத்திரண்டு வருஷம் மின்கம்பத்தில் ஏறி இறங்கியவர். கரண்ட் போன தெருவுக்குப் போய், கம்பத்து உச்சியில் ஒரு கூட்டைப் பார்த்துவிட்டால் போதும். தாய்ப்பறவை தானாக எழுந்து பறக்கும் வரை கம்பியில் கை வைக்க மாட்டார். கீழே தெருவே நின்று அவரைத் திட்டும். காதில் விழாத மாதிரி மேலேயே உட்கார்ந்திருப்பார். வேலை ஓய்ந்த மறுநாள் கடைக்குப் போய் ஒரு நோட்டு வாங்கி வந்தார். ஊர்க்கடைசியில் இருந்த அந்த வீட்டைச் சுற்றி எது எப்போது வருகிறது, எப்போது போகிறது என்று தேதி போட்டு எழுத ஆரம்பித்தார். முதல் மழைக்குத் தவளை கத்திய நாள், தும்பிகள் கூட்டமாய் இறங்கிய நாள், விறகுக் குவியலில் பாம்பு சட்டை உரித்துப் போட்ட நாள், கீரி குட்டிகளோடு வேலி தாண்டிய நாள் எல்லாம் அதில் உண்டு. கல்யாண நாளை மட்டும் வருஷா வருஷம் மகள் போன் பண்ணி நினைவுபடுத்த வேண்டும்.

அந்த நோட்டு ஒடுக்கமாக, நீளமாக இருக்கும். சாதாரணப் பையில் நிற்காது, குனிந்தால் விழும். அதனால் அவருடைய எல்லாச் சட்டைகளிலும் டெய்லரம்மா உள்பக்கமாக ஒரு தனிப் பை வைத்துத் தைத்தாள். அதுவரைக்கும் ஒன்றும் இல்லை. கீரியோடும் தவளையோடும் எந்தப் பெண்டாட்டியாவது சண்டைக்குப் போவாளா? அவளுடைய வழக்கு டீச்சரோடுதான்.

டீச்சர் வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் குடி வந்து பதினோரு வருஷம். ஓய்வு பெற்றவள், தனிக்கட்டை, கழுத்தில் எந்நேரமும் பைனாகுலர். டெய்லரம்மா மனசுக்குள் அவளுக்கு வைத்திருந்த பெயரே பைனாகுலர்தான். வந்த மாதமே லைன்மேனும் அவளும் பார்க்கும் இடத்தைப் பங்கு பிரித்துக்கொண்டார்கள்: வாய்க்காலுக்கு இந்தப் பக்கம் அவர், அந்தப் பக்கம் அவள். அவர்களுக்குள் ஒரு சட்டமும் இருந்தது. நேராகக் கண்ணால் பார்த்தவர், தன் கையாலேயே எழுத வேண்டும். பிறர் சொல்லிக் கேட்டது, போட்டோவில் பார்த்தது, கண்ணாடியில் தெரிந்தது எதுவும் செல்லாது. ஆகவே டீச்சர் சனிக்கிழமை தவறாமல் வந்து உட்கார்ந்து, அந்த வாரம் தான் பார்த்ததைப் பச்சை மையில் எழுதிவிட்டுப் போவாள். ஒவ்வொரு வரியின் கடைசியிலும் பார்த்தது யார் என்று இருக்கும். லைன்மேன் என்பதற்கு 'லை', டீச்சர் என்பதற்கு 'டீ'.

நீலத்துக்குக் கீழே பச்சை, பச்சைக்குக் கீழே நீலம். பார்க்கும்போதெல்லாம் டெய்லரம்மாவுக்கு வயிறு எரியும். நாற்பது வருஷம் அவரோடு குடித்தனம் பண்ணியவளின் கையெழுத்து அந்த நோட்டில் மருந்துக்கும் கிடையாது. ஆரம்பத்தில், "நீயும் வந்து பாரேன்," என்று அவர் கூப்பிட்டார்தான். "எனக்கு ஊசிக்காதைப் பாக்கவே நேரம் பத்தல," என்றாள். அப்புறம் அவர் கூப்பிடவில்லை. கூப்பிடாமல் விட்டதையும் அவள் மன்னிக்கவில்லை.

எட்டு வருஷத்துக்கு முன்னால் ஒருமுறை பழுப்பு நிறக் கெட்டித் துணியோடு வந்து, "டீச்சரோட பைனாகுலருக்கு ஒரு பை தைச்சுக் குடும்மா, நல்லா உறுதியா," என்றார். உறுதியாகத்தான் தைத்தாள், தோளில் மாட்டும் பட்டை பையோடு சேரும் இடத்தைத் தவிர. அங்கே மட்டும் மடக்கித் தைக்காமல், ஒரே ஓட்டு ஓட்டி விட்டாள். மூன்று மாதம் தாங்காது என்று அவளுக்குத் தெரியும்.

நோட்டிலேயே பெரிய வரி வாலாட்டிக் குருவியுடையது. மஞ்சள் வயிறும் ஒரு நொடி சும்மா இராத வாலுமாக, குளிர் தொடங்கும்போது எங்கிருந்தோ மலைகளைத் தாண்டி வந்து, இந்த வீட்டுக் கொல்லையில் துணி துவைக்கிற கல்லில் இறங்கும். வருஷா வருஷம் அதே கல். நாலைந்து நாள் முன்னே பின்னே இருக்கும், அவ்வளவுதான். போன வருஷம் அதைப் பார்த்துவிட்டு லைன்மேன் செருப்பில்லாத காலோடு உள்ளே ஓடி வந்து டீச்சருக்குப் போன் போட்டார். நாற்பது நிமிஷம் பேசினார். சிரிப்பென்றால் அப்படி ஒரு சிரிப்பு. அந்தச் சிரிப்பைக் கேட்டுக்கொண்டே டெய்லரம்மா இடக்கைச் சட்டைக்கையை வலது பக்கம் வைத்துத் தைத்தாள். அந்தத் தொழிலில் அவள் செய்த ஒரே பிழை அது.

இந்த வருஷம் அவர் படுக்கையில் இருந்தார். இதயம் களைத்துவிட்டது, எழுந்து நடக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். கொல்லைப்பக்க ஜன்னலோரம் கட்டில். படுத்தால் எலுமிச்சை மரத்தின் தலையும் கொஞ்சம் வானமும் தெரியும், கல் தெரியாது. கொல்லை கொஞ்சமாவது தெரியட்டும் என்று ஜன்னல் கம்பியில் முகம் மழிக்கிற கண்ணாடியை மாட்டச் சொன்னார், மாட்டினாள். அதிலும் கல் விழவில்லை. டீச்சர் இரண்டு தடவை பார்க்க வந்தாள். இரண்டு தடவையும், "இப்பத்தான் கண் அசந்தார்," என்று வாசலிலேயே அனுப்பி வைத்தாள். உள்ளே அவர் விழித்துக்கொண்டுதான் இருந்தார்.

தினம் காலையில் அவர் கேட்பது ஒன்றே ஒன்றுதான். "வந்துச்சாம்மா?"

திங்கட்கிழமை வந்தது. ஏழு மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கும். அவள் அவருடைய படுக்கை விரிப்பைத் துவைத்துக்கொண்டிருந்தபோது கல்லின் ஓரத்தில், கைக்கெட்டும் தூரத்தில் வந்து உட்கார்ந்தது. வாலை ஆட்டியது. சோப்பு நுரையில் ஒரு கொத்து, தண்ணீரில் ஒரு கொத்து. வழி தெரிந்து வீட்டுக்கு வந்தவர்கள் மாதிரி அக்கம்பக்கம் பார்த்தது. டெய்லரம்மா விரிப்பைப் பிழியவும் மறந்து அப்படியே நின்றாள். கையில் நுரை காய்ந்துபோனது. அது பறந்த பிறகுதான் மூச்சு விட்டாள். பிறகு, கையைக்கூட அலம்பாமல் உள்ளே ஓடினாள்.

நிலைப்படியில் கால் நின்றுவிட்டது. சொன்னால் என்ன நடக்கும்? தலைமாட்டில் இருக்கும் போனை எடுத்து டீச்சரைக் கூப்பிடுவார். நாற்பது நிமிஷம். அந்தச் சிரிப்பு.

"வந்துச்சாம்மா?"

"இல்ல."

செவ்வாயும் இல்லை என்றாள். நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம், எங்கே ஓடிப்போகிறது என்று தனக்குள் சமாதானம் சொல்லிக்கொண்டாள். புதன்கிழமை அவர் கேட்டபோது எரிச்சலே வந்தது. "வரலைங்க. வந்தா சொல்ல மாட்டேனா?"

"சொல்லுவ, சொல்லுவ," என்று அவளையே பார்த்துச் சிரித்தார். அவள் தேநீர் போட்டுக்கொண்டு திரும்பி வந்தபோது, முகம் ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தது. டம்ளரை எங்கே வைத்தாள் என்று அவளுக்கு இன்னும் நினைவில்லை.

இன்று வியாழன். பையின் மூன்று பக்கமும் தைத்தாயிற்று. நோட்டை உள்ளே நுழைத்தாள். ஒரு கணம் யோசித்துவிட்டு, நாலாவது பக்கத்தையும் ஊசிக்கு அடியில் கொடுத்து மூடித் தைத்தாள். சனிக்கிழமை வந்து கேட்டால் நோட்டு இல்லை. பச்சை மை எதில் எழுதும், பார்க்கலாம். நூலைப் பல்லால் கடித்து அறுத்தபோது மனசு ஆறவில்லை. இன்னும் கரித்தது.

மகளும் கொழுந்தனாருமாக அவருக்குச் சட்டையைப் போட்டுவிட்டார்கள்.

"அம்மா, இடது பக்கம் தடிப்பா தெரியுதே," என்றாள் மகள்.

"தெரியட்டும். உயிரோட இருக்கும்போதும் அப்படித்தான் தெரிஞ்சுது."

பத்தரைக்கு டீச்சர் வந்தாள். கூட்டம் விலகி வழிவிட்டது. டெய்லரம்மாவின் கண் பழக்கத்தில் அவளை அளவெடுத்தது. தோள் ஒரு அங்குலம் இறங்கியிருந்தது, இடுப்பில் இரண்டு அங்குலம் போயிருந்தது. தோளில் அந்தப் பழுப்புப் பை தொங்கியது. பட்டை சேரும் இடத்தில் கறுப்பு நூலால் கோணல்மாணலாக ஒரு தையல். அதன் மேல் இன்னொன்று. அதற்கும் மேலே வேறொன்று. ஊசி பிடிக்கத் தெரியாத கை, எட்டு வருஷமாகத் திரும்பத் திரும்பத் தைத்திருக்கிறது. ஒரு நாளாவது, 'பிரிஞ்சுடுச்சு டெய்லரம்மா' என்று கொண்டு வந்து நீட்டியதில்லை. டெய்லரம்மாவுக்குச் சுருக்கென்றது.

டீச்சர் அவரைப் பார்த்து நின்றாள். சட்டையின் இடப்பக்கத் தடிப்பில் அவள் பார்வை நின்றது. பிறகு வந்து டெய்லரம்மா பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள்.

"நோட்டு கேக்க வரலைங்க," என்றாள் டீச்சர் மெதுவாக. "அது அவரோடயே போகட்டும். ஒன்னே ஒன்னுதான் கேக்கணும். வாலாட்டிய எழுதிட்டீங்களா?"

"எந்த வாலாட்டி?"

"திங்கக்கிழமை வந்ததே."

டெய்லரம்மா சட்டென்று அவள் பக்கம் திரும்பினாள். "யார் சொன்னா?"

"அவர்தான். அன்னைக்கு எங்க பக்கமும் வந்துடுச்சு. சொல்லலாம்னு போன் பண்ணேன். உங்க மெஷின் சத்தம் போன்லயே கேட்டுச்சு. 'இங்கயும் வந்தாச்சு டீச்சர், டெய்லர் பாத்துட்டா'ன்னார்."

"அவருக்குக் கல்லு தெரியாதே."

"கல்லு தெரியலையாம். கண்ணாடியில உங்க முகம் தெரிஞ்சுதாம். துணியப் பிழியாம நின்னீங்களாம். அஞ்சு நிமிஷம் நின்னான்னார். எழுதிட்டீங்களான்னு கேட்டேன். 'நான் எப்படி எழுதறது? பாத்தவதான எழுதணும். அவ வந்து சொல்லட்டும், நோட்ட அவ கையில குடுத்துடறேன்'னார். செவ்வாக்கிழமையும் கேட்டேன். 'இன்னும் சொல்லல, ஆனா சொல்லிடுவா'ன்னு ஒரே சிரிப்பு."

கூடத்தில் யாரோ மூக்கைச் சிந்தினார்கள். டெய்லரம்மா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்று நாளும் தெரிந்துகொண்டே கேட்டிருக்கிறார். மூன்று நாளும் அவள் பொய்யை அப்படியே வாங்கி வைத்துக்கொண்டிருக்கிறார். அழுகை வரும் என்று நினைத்தாள். வந்தது கோபம்தான்.

"இதையும் உங்ககிட்டதான் சொன்னாரா?"

டீச்சர் தலை குனிந்தாள். "நானும் அதத்தான் கேட்டேங்க, அவங்ககிட்டயே நேரா சொல்லிடலாமேன்னு. 'நான் சொல்லிட்டா அவ வந்து சொல்றதுக்கு என்ன இருக்கும்'னார்."

வாசலில் வண்டி வந்து நின்ற சத்தம் கேட்டது. "அண்ணி, நேரமாச்சு," என்றார் கொழுந்தனார்.

"நிக்கட்டும்," என்றாள்.

எழுந்து மெஷின் பலகையிலிருந்து பிளேடை எடுத்து வந்தாள். அவர் பக்கத்தில் உட்கார்ந்து சட்டையின் இரண்டு பொத்தான்களைக் கழற்றினாள். உள்பையின் வாயில் தானே போட்ட தையலைக் கண்ணி கண்ணியாகப் பிரித்தாள். மகள், "என்னம்மா பண்ற?" என்று கையைப் பிடிக்க வந்தாள். டீச்சர் அவளைத் தடுத்துப் பக்கத்தில் உட்கார வைத்தாள்.

நோட்டு வந்தது. கடைசிப் பக்கத்தில் நீலத்துக்குக் கீழே பச்சை, பச்சைக்குக் கீழே ஒரு வரி அளவு இடம் விட்டு, நீல மையில் 'வாலாட்டி' என்று மட்டும் எழுதியிருந்தது. கை நடுங்கிய எழுத்து. பக்கத்தில் தேதி இல்லை. டெய்லரம்மா காதில் செருகியிருந்த அளவு பென்சிலை எடுத்தாள். நோட்டை ஒருக்களித்துப் பிடித்துக்கொண்டு, அளவு குறிப்பது போலவே சிறியதாய் எழுதினாள். தேதி எழுதினாள். நேரம் எழுதினாள். துவைக்கிற கல் என்று எழுதினாள். பார்த்தது யார் என்கிற இடத்தில் பென்சில் தயங்கியது. 'லை' இல்லை, 'டீ' இல்லை. 'நான்' என்று எழுதினாள்.

நோட்டைத் திரும்ப உள்ளே வைத்தாள். ஊசியில் இரட்டை நூல் கோத்து, பையின் வாயைக் கையாலேயே தைத்தாள். இந்த முறை தையல் நெருக்கமாக விழுந்தது. கடைசியில் முடிச்சுப் போட்டு, நூலை அறுக்கக் குனிந்தபோது அவள் முகம் அவர் மார்பில் பட்டது. நூல் அறுந்த பிறகும் சற்று நேரம் அவள் நிமிரவில்லை. யாரும் அவசரப்படுத்தவில்லை.

பொத்தான்களைப் போட்டுவிட்டு எழுந்தபோது டீச்சர் கேட்டாள், "எந்தத் தேதி போட்டீங்க?"

"அது எங்க ரெண்டு பேருக்கும் தெரியும்," என்றாள் டெய்லரம்மா.

போனவர்கள் எல்லாரும் திரும்பி வந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. கூடத்தைக் கழுவிவிட்டார்கள். சொல்லிக்கொள்ள வந்த டீச்சரின் தோளையே பார்த்துக்கொண்டிருந்த டெய்லரம்மா, கையை நீட்டினாள். "பையக் குடுங்க. பட்டைய ஒழுங்கா தைச்சுத் தரேன்."

"பரவால்லங்க, நானே..."

"குடுங்க டீச்சர். நான் சரியா தைக்கல."

இருவரும் கொல்லைப்படியில் உட்கார்ந்தார்கள். டெய்லரம்மா மடியில் பையைப் போட்டுக்கொண்டு, கறுப்பு நூல்களை ஒவ்வொன்றாய் வெட்டி எடுத்தாள். நிறைய இருந்தன. கூடம் கழுவிய தண்ணீர் துவைக்கிற கல்லைச் சுற்றி வடிந்துகொண்டிருந்தது. அதில் ஒரு மஞ்சள் வயிறு வந்து இறங்கி வாலை ஆட்டியது. டீச்சரின் கை பழக்கத்தில் கழுத்துக்குப் போனது. பைனாகுலர் டெய்லரம்மாவின் மடியில் பைக்குள் இருந்தது. கை மெதுவாகக் கீழே இறங்கியது.

டெய்லரம்மா ஒரு தடவை ஜன்னலைத் திரும்பிப் பார்த்தாள். கண்ணாடி இன்னும் கம்பியில் மாட்டியிருந்தது. குனிந்து அடுத்த நூலை வெட்டினாள்.