மாசி மகத்துக்கு எந்தக் கடல்

வருஷத்தில் ஒரு நாள்தான் மலாய் நாட்டில் பத்து காஜா ஊரை அடுத்த அந்தத் தோட்டத்துச் சனம் கடலைப் பார்க்கும். மாசி மகத்தன்று மாரியம்மனைத் தூக்கிக்கொண்டு போய்க் கடலில் தீர்த்தமாட்டிவிட்டு வருவார்கள். மற்ற நாளெல்லாம் ரப்பர் மரம், கொசு, கங்காணியின் வசவு. கிடைக்கிற அந்த ஒரு நாளை எந்தக் கரையில் கழிப்பது என்று தைப்பூசம் முடிந்த மறுநாளே லயத்து வீடுகளில் சண்டை தொடங்கிவிடும். பெண் பார்க்கப் போகிறவர்கள்கூட அத்தனை குற்றம் சொல்ல மாட்டார்கள்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தாறாம் வருஷத்துச் சண்டையைச் சீனிதான் ஆரம்பித்துவைத்தான். பால்மரம் வெட்டுகிற கையைவிட வாய் வேகமாக ஓடும் ஆள் அவன்.

"லுமுட்டுக்குப் போலாம்லா. கடல்னா அதுதான் கடலு. மணல்ல படுத்தா எந்திரிக்க மனசு வராது."

"பகான் டத்தோவுக்கு என்ன கொறைச்சல்?" என்றார் அப்பாவு கங்காணி. "தெலுக் அன்சன் வரைக்கும் ரயிலு, அப்புறம் படகு. கரை பூராவும் தென்னை." தென்னையில் கங்காணிக்கு இருந்த பக்தி இளநீருக்காக இல்லை என்பது எல்லோருக்கும் தெரியும். அவர் பெண்சாதி இருளாயி அவரை ஒரு பார்வை பார்த்தாள். அவர் தென்னையைப் பற்றி அதற்கு மேல் பேசவில்லை.

அப்போதுதான் வீரம்மா பேசினாள். பத்துக் கேள்வி கேட்டால் ஒன்றுக்குப் பதில் சொல்கிற பெண் அவள். அதனால் எல்லோரும் திரும்பினார்கள்.

"பினாங்குப் பக்கம் ஒரு கரை இருக்காம். பிறை ஊருக்குக் கொஞ்சம் கீழ. பத்து காஜாவுல ராத்திரி ரயில் ஏறினா விடிய எறங்கிடலாமாம்."

பினாங்கு என்ற பேர் போதுமாக இருந்தது. சீனியின் கண்ணில் அப்போதே மின்சார விளக்கும் டிராம் வண்டியும் ஓட ஆரம்பித்துவிட்டன. அந்தக் கரையிலிருந்து பினாங்குப் பட்டணம் எத்தனை தூரம், மணல் உண்டா என்று ஒருவரும் கேட்கவில்லை. வீரம்மாவும் சொல்லவில்லை. அங்கே மணலே கிடையாது, வெறும் சேறு என்று அவளுக்கு நன்றாகத் தெரியும்.

அவளுக்கு மணல் வேண்டியதில்லை. அந்தக் கரைக்கு எதிரே ஒரு தீவு இருந்தது. அந்தத் தீவில் அவள் புருஷன் சன்னாசி இருந்தான்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் அவன் முதுகில் காசு அகலத்துக்கு ஒரு வெளுப்பு விழுந்தது. ஊசியால் குத்திப் பார்த்தார்கள், அவனுக்குத் தெரியவில்லை. ஒரு வாரத்துக்குள் தொழுநோய்க்காரர்களை வைக்கிற தீவுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். போகும்போது அவன் திரும்பித் திரும்பிப் பார்த்தான் என்று லயத்தில் சொன்னார்கள். வீரம்மா அதைப் பார்க்கவில்லை, பால்வெட்டுக்குப் போயிருந்தாள். வீட்டுக்கு வந்தபோது அடுப்பில் அவன் வடித்துவைத்த சோறு இருந்தது. அவன் தொட்ட சோறு வேண்டாம், கொட்டிவிடு என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள். அவள் உட்கார்ந்து அத்தனையும் சாப்பிட்டாள்.

அதற்குப் பிறகு ஆறு மாசம் அவள் கையால் யாரும் தண்ணீர் வாங்கிக் குடிக்கவில்லை. தோட்டத்து ஆஸ்பத்திரி டிரசர் வந்து இரண்டு தடவை உடம்பைப் பார்த்து, ஒன்றுமில்லை என்று சொன்ன பிறகும் குடிக்கவில்லை. அந்தக் கட்டை அவிழ்த்துவிட்டவர் ஐயாவு பூசாரிதான். ஒரு வெள்ளிக்கிழமை எல்லோர் முன்னாலும் பூக்கூடையைத் தூக்கி அவள் கையில் கொடுத்தார். "இனிமே அம்மனுக்கு நீதான் பூக் கட்டணும். அவ வாங்கிக்கிட்டா உங்களுக்கு என்ன வந்துச்சு?" என்று கூட்டத்தைப் பார்த்துக் கேட்டார். அன்றிலிருந்து அவள் மறுபடி மனுஷியானாள்.

தீவுக்குப் போய்ப் பார்க்க வழி கேட்டு மூன்று தடவை ஆபீஸ் கிராணியிடம் நின்றாள். பார்க்கலாம், பார்க்கலாம் என்று அவரும் மூன்று தடவை சொன்னார். கடைசியில் பத்து காஜாவில் டிரசர் வேலை பார்த்த மத்தியாஸ்தான் அவளுக்கு உருப்படியாக ஒரு சேதி சொன்னார். பிறைக்குக் கீழே ஒரு சேற்றுக் கரை உண்டு, அங்கே நின்றால் ஒரு மைல் தூரத்தில் அந்தத் தீவு தெரியும். மாசி மகத்தன்று தீவில் இருக்கிற தமிழ் ஆட்களைக் காலையில் தீவின் இந்தப் பக்கத்துக் கரையில் குளிக்க விடுவார்கள். அவ்வளவுதான். அதைக் கேட்ட நாளிலிருந்து வீரம்மாவுக்குத் தூக்கம் போய்விட்டது. பேச வேண்டாம், தொட வேண்டாம், அவன் நிற்கிற தண்ணீரில் அவளும் ஒரு தடவை நின்றால் போதும் என்று இருந்தது. நிற்கிறபோது அவன் இந்தப் பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டால் அதைவிட வேறு என்ன வேண்டும்!

பினாங்குக்கும் எல்லோரும் தலையாட்டிவிடவில்லை. இப்படி மூன்று கரையில் எது என்று சனம் ஒத்துப்போகாவிட்டால் அம்மனிடம் பூக்கட்டிக் கேட்பதுதான் வழக்கம். வாழை இலைத் துண்டில் பூவை வைத்து, மடித்து, நாரால் கட்டிச் சந்நிதியில் போடுவார்கள். பூசாரி கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுப்பார். லுமுட்டுக்குச் செம்பருத்தி, பகான் டத்தோவுக்கு மஞ்சள் அரளி, பினாங்குப் பக்கத்துக்கு வெள்ளை அரளி என்று முடிவாயிற்று. எடுக்காத பொட்டலங்களைப் பிரிக்கக் கூடாது, அப்படியே ஓடையில் விட்டுவிட வேண்டும்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் கோயில் கொட்டகைக்குப் பின்னால் வீரம்மா மூன்று இலைத் துண்டுகளோடு உட்கார்ந்தாள். வெள்ளை அரளியை வைத்து ஒரு பொட்டலம் ஒழுங்காகக் கட்டினாள். இரண்டாவதற்குச் செம்பருத்தியைக் கையில் எடுத்தாள், எடுத்த கை அப்படியே நின்றுவிட்டது. அம்மனிடம் கேட்டு அவள் இல்லை என்று சொல்லிவிட்டால் அப்புறம் யாரிடம் போய்க் கேட்பது? கேட்காமலே எடுத்துக்கொள்ள வேண்டியதுதான். செம்பருத்தியையும் மஞ்சள் அரளியையும் மடியில் ஒளித்தாள். மிச்சம் இரண்டு பொட்டலத்திலும் வெள்ளை அரளியையே வைத்துக் கட்டினாள். முடிச்சு ஒன்றுகூட நழுவவில்லை.

ஐயாவு ஒன்றை எடுத்தார், பிரித்தார், தூக்கிக் காட்டினார். சீனி விசிலடித்தான். மிச்சம் இரண்டையும் வீரம்மாவே கொண்டுபோய் ஓடையில் விட்டாள். அவை கண்ணை விட்டு மறைகிற வரைக்கும் அவள் ஓடைக்கரையை விட்டு நகரவில்லை.

மகத்துக்கு முதல் நாள் முன்னிரவில் நாற்பது பேர் ரயிலேறினார்கள். விடியும் நேரத்துக்குப் பிறைக்கு இந்தப் பக்கம் ஒரு சின்ன ஸ்டேஷனில் இறங்கி, தென்னந்தோப்பு வழியாக இரண்டு மைல் நடந்தார்கள். அந்த ஸ்டேஷனில் திரும்புகிற ரயில் காலை பத்து மணிக்கு ஒன்றுதான். அதை விட்டால் மறுநாள் காலை பேர் கூப்பிடுகிற பெரட்டுக்கு ஆள் இருக்காது, துரை தோலை உரித்துவிடுவார். சீனி வழியெல்லாம் பட்டணம் எங்கே, பட்டணம் எங்கே என்று கேட்டுக்கொண்டே வந்தான்.

தோப்பு முடிந்தது. எல்லோரும் நின்றார்கள்.

"கடல் எங்கலா?" என்றான் சீனி.

கடலைக் காணவில்லை. கண்ணுக்கு எட்டின மட்டும் கறுத்த சேறு பளபளவென்று கிடந்தது. நண்டுகள் ஓடின. எங்கோ தூரத்தில் வெள்ளிக் கோடு மாதிரி கொஞ்சம் தண்ணீர், அதற்கும் அப்பால் பச்சையாக ஒரு தீவு. மலையும் காடுமாக வளர்ந்த சனத்துக்குக் கடல் என்றால் எப்போதும் இருந்த இடத்தில் இருக்கிற ஒன்று. போன வருஷங்களில் லுமுட்டில் அப்படித்தான் இருந்தது. அது ஏறும், இறங்கும், மைல் கணக்கில் எழுந்து போகும் என்று அவர்களுக்கு யார் சொல்லியிருக்கிறார்கள்?

சேற்றில் பலகை போட்டுச் சிப்பி பொறுக்கிக்கொண்டிருந்த மலாய்க் கிழவர் ஒருவர் இவர்களைப் பார்த்துச் சிரித்தார். அப்பாவு கங்காணி தனக்குத் தெரிந்த மலாயில் விசாரித்துவிட்டு வந்தார்.

"ஆயெர் சூருத்துங்கிறான். தண்ணி எறங்கிக் கெடக்காம். மத்தியானம்தான் ஏறுமாம்."

மத்தியானம் என்றால் ரயில் போய்விடும். ஐயாவு அம்மனை ஒரு தென்னைமரத்தடியில் இறக்கிவைத்தார். அவர் முகம் வெளிறியிருந்தது.

"கடலு தானா எறங்கலைப்பா. அம்மனைப் பார்த்துட்டு எந்திரிச்சுப் போயிருக்கு. நம்மள்ல யாரோ தப்புப் பண்ணியிருக்காங்க."

அந்தப் பேச்சு கூட்டத்தைப் பிடித்துக்கொண்டது. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். திடீரென்று இருளாயி இரண்டு கன்னத்திலும் படார் படாரென்று அடித்துக்கொண்டாள். இரண்டு மாசத்துக்கு முன்னால்தான் அவள் கைக்குழந்தை செத்துப்போயிருந்தது.

"நான்தான், ஆத்தா, நான்தான்! புள்ள செத்த வீட்டுக்காரி ஆசைப்பட்டு வந்துட்டேன். தீட்டோட வந்துட்டேன். புள்ளையைத்தான் எடுத்துக்கிட்டே, இப்பக் கடலையும் எடுத்துக்கிட்டே!"

வீரம்மாவால் தாங்க முடியவில்லை. வாயைத் திறந்தால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும். பூக்கூடை போகும். மறுபடி அவள் கையால் யாரும் தண்ணீர் வாங்க மாட்டார்கள். ஆனால் இருளாயி அடித்துக்கொண்டே இருந்தாள். அவள் கன்னம் சிவந்து தடித்துவிட்டது. வீரம்மா ஓடிப்போய் அந்தக் கைகளைப் பிடித்தாள்.

"அடிச்சுக்காதக்கா. நீ இல்ல. நான்தான். மூணு பொட்டலத்துலயும் வெள்ளை அரளிதான் வச்சேன். அம்மன் இங்க வரச் சொல்லல. நான்தான் இழுத்துட்டு வந்தேன்."

சுற்றி நின்றவர்கள் ஓர் எட்டுப் பின்னால் போனார்கள்.

"ஒன் கையில பூவைக் குடுத்தேனே," என்றார் ஐயாவு. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

சீனி காறித் துப்பினான். "ஒரே ஒரு நாளு! வருசத்துல ஒரு நாளு! அதைச் சேத்துல கொண்டுவந்து தள்ளிட்டியே!"

இருளாயி அவள் கையை உதறிவிட்டுத் தோளைப் பிடித்து உலுக்கினாள். "எதுக்குடி? எதுக்குடி இப்படிப் பண்ணினே?"

வீரம்மா தீவைக் காட்டினாள்.

"அங்கதான் இருக்காரு. மகத்துக்குக் காலையில இந்தப் பக்கம் குளிக்க விடுவாங்களாம். தண்ணில நின்னு ஒருக்கா பார்த்துரலாம்னு நெனச்சேன்க்கா. தண்ணி இருக்காதுன்னு எனக்கும் தெரியாது."

எல்லோரும் பார்த்தார்கள். முதுகுப் பக்கம் எழுந்த வெயில் நேரே தீவின் மேல் விழுந்தது. மரங்களுக்குக் கீழே, கரை ஓரமாக, வெள்ளை வெள்ளையாகச் சில புள்ளிகள். ஆட்களாகவும் இருக்கலாம், கொக்குகளாகவும் இருக்கலாம். அந்தத் தூரத்துக்கு ஒன்றும் சொல்ல முடியவில்லை.

ஐயாவு எழுந்தார். குடத்தை எடுத்துப்போய் மலாய்க் கிழவரிடம் கையால் ஜாடை காட்டினார். கிழவர் குடத்தைப் பலகையில் வைத்துக்கொண்டு, சேற்றில் வழுக்கியபடி தண்ணீரை நோக்கிப் போனார். அம்மனுக்கு அதுதான் இந்த வருஷத் தீர்த்தம்.

அதற்குள் வீரம்மா சேற்றில் இறங்கிவிட்டாள். இரண்டே எட்டில் முழங்கால் வரை போயிற்று, நாலாவது எட்டில் தொடை. அப்படியும் காலைப் பிடுங்கிப் பிடுங்கி வைத்தாள். இருளாயி பின்னாலேயே இறங்கி அவள் முந்தானையைப் பிடித்து இழுத்தாள்.

"நில்லுடி! சேத்துக்குள்ள போயி அவரைப் பார்க்கப் போறியா? நில்லுங்கிறேன்ல!" மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னாள். "காத்து நம்ம பக்கமிருந்து அங்கதான் போகுது. வெயில் ஏறினா திரும்பிரும். இப்பவே கூப்பிடு."

வீரம்மா வாயைத் திறந்தாள். ஒன்றும் வரவில்லை.

பதினொரு வருஷக் குடித்தனத்தில் அவள் அவன் பேரைச் சொன்னதே இல்லை. எதிரில் இருந்தால் 'இந்தாங்க', மற்றவர்களிடம் 'எங்க வீட்டு ஆளு'. ஒரு மைலுக்கு அப்பால் இருக்கிறவனை 'இந்தாங்க' என்று கூப்பிட்டால் எந்தப் பெண்சாதி கூப்பிடுகிறாள் என்று யார் திரும்புவார்கள்?

இருளாயிக்குப் புரிந்துவிட்டது. பெண்பிள்ளைதானே அவளும். இரண்டு கையையும் வாய்க்குக் குவித்தாள்.

"சன்னாசி அண்ணேய்!"

கரையிலிருந்து கங்காணியும் கூப்பிட்டார். பிறகு ஒவ்வொருவராகச் சேர்ந்துகொண்டார்கள். கோபம் ஆறாத சீனிதான் எல்லோரையும்விடச் சத்தமாகக் கத்தினான். "சன்னாசி அண்ணே! வீரம்மாக்கா வந்திருக்கு! இங்க பாருங்க!" நாற்பது தொண்டையின் சத்தமும் சேற்றின் மேல் ஓடி எங்கோ கரைந்தது. தீவில் எதுவும் அசையவில்லை. கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போய் ஒவ்வொருவராக நிறுத்தினார்கள்.

"எங்க குரல் அவருக்கு என்னடி தெரியும்?" என்றாள் இருளாயி மெதுவாக. "நீ கூப்பிடு. அம்மனையே ஏமாத்தியாச்சு, இன்னும் என்ன இருக்கு?"

வீரம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். துடைத்த கையில் இருந்த சேறு முகமெல்லாம் அப்பிக்கொண்டது.

"சன்னாசி!" என்று கூப்பிட்டாள்.

மரியாதை இல்லை, முறை இல்லை, வெறும் பேர். அது தன் குரல்தானா என்று அவளுக்கே சந்தேகமாக இருந்தது. மறுபடி கூப்பிட்டாள். ஒரு தடவை சொன்ன பிறகு நிறுத்த முடியவில்லை. மூன்று வருஷமாகத் தின்னாமல் வைத்திருந்ததைத் தின்கிறவள் மாதிரி, "சன்னாசி! சன்னாசி!" என்று அந்தப் பேரைச் சொல்லிக்கொண்டே இருந்தாள்.

வெள்ளைப் புள்ளிகளில் ஒன்று மட்டும் மற்றவற்றை விட்டுப் பிரிந்து தண்ணீர்ப் பக்கமாக வந்தது. வந்து நின்றது.

"கொக்கா இருந்தா பறந்திருக்கும்லா," என்றான் சீனி.

அது பறக்கவில்லை. ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்று கங்காணி கரையிலிருந்து சொல்லிப் பார்த்தார். வீரம்மா தொடை வரை சேற்றில் நின்றபடி இன்னொரு தடவை கூப்பிட்டாள்.