காலடி மண்

யுத்தம் தொடங்கி வந்த முதல் மாட்டுப்பொங்கலன்று மத்தியானம், மேலகரத்தில் முத்துவடிவின் செவலைப் பசு தொழுவில் சாய்ந்து படுத்துவிட்டது. காலையில் கொம்புக்குக் காவி பூசி, மாலை போட்டுத் தெருவே பார்க்க நடந்த மாடு. இப்போது இடது விலா உப்பி, மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது. நிறைசினை வேறு. அது கன்று போட்டுப் பால் தந்தால்தான் அந்த வீட்டில் அடுப்பு எரியும்.

அன்றைக்கு வீட்டுக்கு ஒரு பிடி பொங்கல் மாட்டுக்கு ஊட்டுவது அந்தத் தெருவின் வழக்கம். முத்துவடிவின் புருஷன், கடற்கரை என்று பெயர், பேச்சில்லாத பக்கத்து வீட்டை மட்டும் விட்டுவிட்டு மற்ற வீடுகளிலெல்லாம் போய் விசாரித்துவிட்டு வந்தான்.

"எல்லாரும் ஒரு பிடிதான் குடுத்தோம்னு சொல்லுதாவ."

"ஒரு பிடிக்கு இப்படி வயிறு உப்புமா? இது கண்ணேறுதான்" என்றாள் முத்துவடிவு.

யார் கண் என்று அவன் கேட்கவில்லை. பக்கத்து வீட்டுச் சங்கரம்மாளைத்தான் சொல்கிறாள் என்று தெரியும். தாலியறுத்தவள், தனிக்கட்டை. முத்துவடிவும் அவளும் நகமும் சதையுமாக இருந்தவர்கள்தான். தன் கிழட்டுப் பசுவுக்கென்று சங்கரம்மாள் வயல் வரப்பில் புல் வளர்த்திருந்தாள். ஐப்பசியில், புல்லறுக்கச் சோம்பி முத்துவடிவு செவலையை அவிழ்த்துவிட, அது அந்த வரப்பை மொட்டையடித்தது. சங்கரம்மாள் அதை, மேய்ந்த மாட்டைப் பிடித்துவைத்து அபராதம் வாங்கும் சர்க்கார் பவுண்டில் கொண்டுபோய் அடைத்துவிட்டாள். வரப்புப் புல்லுக்குப் பவுண்டு என்பது கொஞ்சம் அதிகம்தான். அடுத்தவள் புல்லென்று தெரிந்தே அவிழ்த்துவிட்டதும் அதிகம்தான். கார்த்திகையில் சங்கரம்மாளின் பசு செத்தபோது முத்துவடிவு எட்டிப் பார்த்து ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதுதான் எல்லாவற்றிலும் அதிகம்.

கண்ணேறு கழிக்கக் கண் வைத்தவளின் காலடி மண் வேண்டும். மிளகாயும் உப்பும் அந்த மண்ணும் சேர்த்துச் சுற்றி அடுப்பில் போடுவார்கள். முத்துவடிவு சங்கரம்மாள் வாசலில் குனிந்து ஒரு கை மண் அள்ளினாள். நிமிர்ந்தால் எதிரே அவளே நிற்கிறாள்.

மண் எதற்கென்று சங்கரம்மாளுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. வேறொருத்தி என்றால் ஊரைக் கூட்டியிருப்பாள்.

"செவலைக்கு என்னட்டி?"

"வயிறு உப்பிக் கெடக்கு."

சங்கரம்மாள் நிலைப்படியைப் பிடித்துக்கொண்டாள். வாயை மூடிக்கொண்டு உள்ளே போயிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. சொல்லி, மாடும் செத்துவிட்டால், சினைமாட்டைக் கொன்றவள் என்ற பெயர் சாகும்வரை கூடவே வரும்.

"மண்ணக் கீழ போடு. கண்ணேறு இல்ல. ஒரு பானப் பொங்கலையும் நாந்தான் பொறவாசல்ல வச்சு அதுக்குக் குடுத்தேன்."

"கொல்லணும்னா குடுத்திய?"

"வருஷா வருஷம் மாட்டுக்கு வைக்கித பொங்கலு. கை பழகிப்போச்சு, வச்சிட்டேன். இறக்கி வச்ச பொறவுதான் தொழுவப் பாத்தேன். மாட்டுக்கு வச்சத மனுசன் திங்கலாமா? செவல வந்து நின்னுச்சு. அது மொகத்தப் பாத்தா எனக்குக் கை நிக்கல."

முத்துவடிவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. கூடவே கார்த்திகை மாதமும் நெஞ்சில் வந்து குத்தியது. மண் கையிலிருந்து உதிர்ந்தது.

"நான் தண்ணி வேற காட்டிட்டேனே மதினி."

"இனிக் காட்டாத. ஒன் வீட்டுல இஞ்சி இருக்கா? நல்லெண்ணெய் நான் எடுத்தாரேன்."

கடற்கரை மாட்டின் தலையைத் தூக்கிப் பிடிக்க, இஞ்சிச்சாறும் எண்ணெயும் மூங்கில் குழாயில் உள்ளே போயின. வாயின் குறுக்கே வேப்பங்குச்சியைக் கட்டினார்கள், மாடு மென்றுகொண்டே இருக்கட்டும் என்று. பெண்கள் இருவரும் வைக்கோலைச் சுருட்டி விலாவை விடாமல் தேய்த்தார்கள். எழுப்பி நிறுத்தித் தெருவில் மேலும் கீழும் நடத்தினார்கள். ஒரு பிடி கொடுத்தவர்களெல்லாம் நின்று வேடிக்கை பார்த்தார்கள்.

விளக்கு வைக்கிற நேரத்தில் செவலை பெரிதாக ஒரு ஏப்பம் விட்டது. கொஞ்சம் பொறுத்துச் சாணி போட்டது. ஊரே மூக்கைப் பிடித்தது. முத்துவடிவு அந்தச் சாணியைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டாள். விலா மெல்ல வடிந்தது.

தொழுவுக்கு ஓட்டிப்போகக் கடற்கரை கயிற்றைப் பிடித்தான். முத்துவடிவு அதைப் பிடுங்கிச் சங்கரம்மாள் கையில் திணித்தாள்.

"எனக்கு இடுப்பு ஒடியுது. கன்னு போடுத வரைக்கும் ஒங்க தொழுவுல கெட்டிப் பாத்துக்கிடுங்க மதினி."

சங்கரம்மாள் அழுதாள். அழுகையை மறைக்கவும் இல்லை. மாட்டை மெதுவாக நடத்திக்கொண்டு போனாள்.

"நம்ம மாட்ட ஏன் அங்கன கெட்டச் சொல்லுத?" என்றான் கடற்கரை.

"காலையில எந்திரிச்சுத் தொழுவப் பாத்தா, அவுகளுக்கு அங்கன ஒரு உசிரு நிக்கட்டும்."